பதினேழாம் மெஷினில் இருந்த கணக்கு

துடுப்புப் போட்டிக்குப் பெயர் கொடுத்த விஷயத்தைச் சின்னவள் ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில ஆபீஸ்ல கூடுதல் வேலை இருக்கு" என்று கணவரிடம் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். மகளுக்கும் அதே பொய்தான். இப்படி மூடி மூடி வைத்தவள் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டாள். விண்ணப்பத்தில் 'அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தாலும் அவள் கை தானாக எழுதுவது அக்காவின் போன் நம்பரைத்தான். அன்றைக்கும் எழுதிவிட்டது.

போட்டி நடத்துகிறவர்கள் சனிக்கிழமை எல்லா நம்பருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்பிவைத்தார்கள். ஞாயிறு காலை எட்டரை மணிக்குச் சின்னவள் விளையாட்டு அரங்கத்தின் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தில் மாஸ்க்கும் தோளில் மருந்துப் பையுமாக அக்கா வாசலில் நின்றாள்.

சின்னவள் கயிற்றைப் பாதி முடிச்சிலேயே விட்டாள்.

பெற்றவர்கள் இரண்டு பேரையும் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழகி, பெரியவளுக்கு நாற்பத்தொன்பதும் சின்னவளுக்கு நாற்பத்து மூன்றும் ஆன பிறகும் சொந்தத்தில் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெரியவள் கணக்கு டீச்சர். வகுப்பில் அறுபது பேரை அதட்டுகிற அதே குரலில்தான் தங்கையையும் அதட்டுவாள். சின்னவள் எந்தச் செருப்பு வாங்க வேண்டும், மகளை எந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டும், கணவரோடு எந்தச் சண்டையில் விட்டுக்கொடுக்க வேண்டும், எதில் கூடாது என்பது வரைக்கும் அக்காவின் தீர்ப்புதான். சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பதிலுக்கு இரண்டு வார்த்தை விடுவாள், கடைசியில் அக்கா சொன்னதையே செய்வாள்.

பெரியவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, வீட்டில் நான்கு பேருக்குப் பரிசோதனை செய்து பார்த்ததில் சின்னவளுடையதுதான் பொருந்தியது. அவள் யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கோங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, லீவுக்கு எழுதிக்கொடுக்கப் போய்விட்டாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பெரியவள் ஐந்தாவது மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சின்னவளுக்கு ஆறாவது மாதம் டாக்டர், "நீங்க முன்னாடி என்னென்ன செஞ்சீங்களோ எல்லாம் செய்யலாம்மா" என்று எழுதியே கொடுத்தார்.

தொந்தரவு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அவள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் கணவர் ஓடிவந்து வாங்குவார். மாடிப்படி ஏறினால் மகள் பின்னாலேயே வருவாள். பார்சல் பிரிக்கும் நிலையத்தில் பதினோரு வருஷம் பெல்ட்டில் நின்றவள் அவள். ஓடிவரும் பெட்டியின் முகவரியை ஒரு பார்வையில் படித்து, எந்தக் கம்பி வண்டியில் விழ வேண்டுமோ அதில் தள்ளிவிடுகிற வேலை. அங்கே மேற்பார்வையாளருக்கு முத்திரை என்று பட்டப்பெயர். எந்தக் காகிதம் வந்தாலும் முத்திரை குத்தாமல் கீழே வைக்க மாட்டார். டாக்டரின் கடிதத்துக்கும் முத்திரை குத்திக் கோப்பில் போட்டுவிட்டு, "எதுக்கும்மா வம்பு? நீங்க விசாரணை ஜன்னல்ல உட்காருங்க. பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, காணாமல்போன பார்சலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் பாசமாகச் சுற்றினாலும் கட்டு கட்டுதானே.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளால் தாங்க முடியாதது அக்காவின் மாற்றம். பெரியவள் வாயடங்கிப்போனாள். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்டி" என்பாள். சின்னவள் தப்பென்று தெரிந்தே ஏதாவது சொன்னால்கூடத் தலையாட்டுவாள். பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள். பார்வை சின்னவளின் இடுப்புப் பக்கம் போய்விட்டுச் சட்டென்று விலகும்.

நிலையத்தின் பின்பக்கம் ஊழியர்களுக்கு ஓர் உடற்பயிற்சி அறை உண்டு. அதில் ஒரு துடுப்பு மெஷின். தண்டவாளம் போன்ற கம்பியில் முன்னும் பின்னும் வழுக்கும் இருக்கை, காலைப் பூட்டிக்கொள்ளப் பட்டை, சங்கிலியோடு ஒரு கைப்பிடி, முன்னால் காற்றாடிச் சக்கரம், அதற்கு மேலே ஒரு சின்னத் திரை. ஒவ்வொரு இழுப்பும் எத்தனை மீட்டர் என்று திரை சொல்லும். தண்ணீரே இல்லாமல் படகு ஓட்டலாம். அறுவை சிகிச்சைக்கு முந்தின வருஷம் ஊழியர் போட்டியில் சின்னவள் இரண்டாயிரம் மீட்டரை ஒன்பது நிமிஷம் ஐந்து வினாடியில் முடித்திருந்தாள். போன வருஷம் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஐந்நூறு ஐந்நூறு மீட்டராக இழுத்தாள். இரண்டாயிரத்தை ஒரே மூச்சில் மட்டும் ஒருநாளும் இழுத்துப் பார்க்கவில்லை. அந்த எண் என்னவாக வருமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். எல்லாரும் நினைக்கிற மாதிரியே தான் ஆகிவிட்டோமோ என்ற பயம்.

அதைப் போட்டியிலேயே தெரிந்துகொள்வோம் என்றுதான் பெயர் கொடுத்தாள். இப்போது அக்கா வந்து நிற்கிறாள்.

"யாருக்காவது சொன்னியா?" என்றாள் சின்னவள் முதல் வேலையாக.

"இல்லைடி."

"போகச் சொல்லப் போறியா?"

பெரியவள் அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். இருபது மெஷின்கள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கருப்பு ஒயர் தரையோடு ஓடி, மூலை மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் போய்ச் சேர்ந்தது. அவள் உதடு ஏதோ சொல்லத் துடித்தது மாஸ்க்கைத் தாண்டியும் தெரிந்தது. கடைசியில், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பார்வையாளர் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னவளுக்குப் பதினேழாம் நம்பர் மெஷின். நாற்பதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் பதினான்கு பேர். சுவரில் பெரிய திரை. அதில் பதினான்கு குட்டிப் படகுகள், ஒவ்வொன்றின் மேலும் நம்பர். மணி அடித்ததும் எல்லாச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழன்றதில் அரங்கமே காற்றில் இரைந்தது.

முதல் ஐந்நூறு வேகமாகப் போனது. கொஞ்சம் கூடுதல் வேகம். இரண்டாவதில் தொடை எரிந்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் மூச்சு நெஞ்சுக்குள் போதாமல் தொண்டையிலேயே நின்று திரும்பியது. எதற்கடா இதில் வந்து மாட்டினோம் என்று தோன்றியது. பக்கத்து மெஷின் பெண்மணி, தலை நரைத்தவர், சலனமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். 'அவங்க இழுக்கிறாங்க, உனக்கென்ன கேடு' என்று தன்னையே திட்டிக்கொண்டாள் சின்னவள்.

ஆயிரத்து நானூறில் அது நடந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பின்பக்கமாக நகர்ந்து வந்து ஒயரில் கால் தடுக்கினார். சின்னவளின் திரையில் மீட்டரும் நேரமும் மறைந்து, 'இணைப்பு இல்லை' என்ற இரண்டு வார்த்தை மட்டும் நின்றது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் நிற்காமல் இழுத்தது. மிச்சம் அறுநூறு மீட்டர். ஓர் இழுப்புக்கு எட்டு மீட்டர், பயிற்சியில் பார்த்தது. எழுபத்தைந்து இழுப்பு இழுத்தால் கணக்கு முடியும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள்.

சுவரில் இருந்த பெரிய திரையில் நடந்தது வேறு. மற்ற படகுகள் நகர்ந்துகொண்டிருக்க, பதினேழாம் படகு அப்படியே நின்றுவிட்டது. படிக்கட்டில் இருந்தவர்களுக்கு அது ஒரு நின்றுபோன படகு, அவ்வளவுதான். பெரியவளுக்குத் தங்கையே நின்றுபோன மாதிரி. பின்வரிசை மெஷின் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. மருந்துப் பையைப் போட்டது போட்டபடி விட்டு, தடுப்புக் கயிற்றைத் தாண்டி, மறிக்க வந்தவரைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள்.

"நிறுத்துடி! போதும், நிறுத்துடி!"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணிக்கை முப்பத்தொன்றா முப்பத்திரண்டா என்று குழம்பியது. கைப்பிடி தொடைமேல் தொய்ந்து, சக்கரம் வேகம் குறைந்தது. அக்காவின் மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தது, முகம் வெளுத்திருந்தது. சின்னவளுக்குப் பேச மூச்சு இல்லை. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "ஒண்ணுமில்ல! ஒயர்! தள்ளிப் போ!" என்று கத்திவிட்டு மறுபடி இழுத்தாள். எண்ணிக்கை போனதால் பத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். குறைவாகப் போவதைவிடக் கூடுதலாகப் போகட்டும். அக்கா இரண்டடி தள்ளி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் முடித்துச் சரிந்து கிடந்தபோதும் பதினேழாம் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்தில் நம்பிக்கை இல்லாமல் எண்பது வரை போய்க் கைப்பிடியை விட்டாள்.

பெரிய திரையில் முடிவுகள் ஏறின. கடைசி வரியில் அவள் நம்பர். எதிரே, 'முடிக்கவில்லை'.

உதவியாளர் ஒருவர் அடுத்த பிரிவுக்காக மெஷின்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எழுந்திருங்க மேடம், அடுத்த செட் வரணும். எல்லா மெஷினையும் புதுசா ஆரம்பிக்கப் போறாங்க."

"புதுசா ஆரம்பிச்சா இதுல இருக்கிறது என்ன ஆகும்?"

"அழிஞ்சிடும்."

சின்னவள் காலைப் பட்டையிலிருந்து எடுக்கவில்லை. "அப்ப நான் எழுந்திருக்க மாட்டேன்."

"மேடம்..."

"நான் முடிச்சிட்டேன். எவ்வளவு நேரத்துல முடிச்சேன்னு எனக்குத் தெரியணும். தெரியாம இந்த சீட்டை விட்டு எழுந்திருக்கிறதா இல்ல."

ஒரு வருஷமாகக் காத்து வைத்திருந்த எண் அது. நல்லதோ கெட்டதோ, பார்க்காமல் போனால் இத்தனை நாள் இழுத்ததுக்கு அர்த்தமில்லை. உதவியாளர் கெஞ்சினார். ஒலிபெருக்கியில் அடுத்த பிரிவைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. விசாரணை ஜன்னலில் மூன்று வருஷம் எத்தனையோ பேர் 'என் பார்சல் எங்கே' என்று இப்படித்தான் அடம்பிடித்திருக்கிறார்கள்.

மூலை மேசையிலிருந்து கம்ப்யூட்டர்காரர் எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பேனா. சத்தம் போடப் போகிறார் என்று பார்த்தால் குந்தி உட்கார்ந்து ஒயரைத் தூக்கிப் பார்த்தார்.

"பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு. உங்க தப்பு இல்லம்மா. திரைதான் போயிருக்கு. மெஷின் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஒவ்வொரு இழுப்பும் அதுல இருக்கும்."

"எடுத்துத் தர முடியுமா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று சிரித்துவிட்டு, உதவியாளரிடம், "அடுத்த செட்டுல இந்த மெஷினை விட்டுட்டு ஆளைப் போடுங்க" என்றார்.

மடிக்கணினியைக் கொண்டுவந்து தரையில் வைத்து வேறொரு ஒயரால் இணைத்தார். சின்னவளுக்கு இழுக்கும்போது இல்லாத படபடப்பு இப்போது வந்தது. கம்ப்யூட்டர்காரர் எதையோ தட்டினார், மேசைப் பக்கம் இருந்த அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அதை வாங்கிவரப் போனது பெரியவள். வாங்கியவள் நடந்து வரவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்று படித்துக்கொண்டிருந்தாள், விடைத்தாள் திருத்துகிற மாதிரி, ஒரு விரலை வரி வரியாக இறக்கி.

"அக்கா! இங்க கொண்டா!"

தாளைச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள் பெரியவள். தாளின் மேலே எண்: 9:21.4. இரண்டாயிரம் மீட்டர், முழுசாக. அதற்குக் கீழே ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்த நேரங்கள், நிமிஷத்துக்கு எத்தனை இழுப்பு, நெஞ்சில் கட்டியிருந்த பட்டை பதிந்த இதயத் துடிப்பு. அடியில் ஒரு வளைகோடு.

"முடிச்சிருக்கேன்" என்றாள் சின்னவள்.

"பதினொண்ணாவது இடம்மா. சரி பண்ணிப் போட்டுடறேன்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

பெரியவளின் விரல் துடிப்பு வரிசையில் போய் நின்றது. "நூத்தி எழுபத்தொண்ணா? சார், இது என்ன இவ்வளவு?"

"போட்டின்னா எல்லாருக்கும் ஏறும்மா. இறங்குறதைத்தான் பார்க்கணும். கைப்பிடியை விட்ட ஒரு நிமிஷத்துல நூத்தி முப்பதுக்கு வந்திருக்கு பாருங்க. எனக்கெல்லாம் மாடி ஏறினாலே இப்படி இறங்காது" என்று சொல்லிவிட்டு, அவர் மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு போனார்.

இரண்டு பேரும் அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சின்னவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் தாளை மறுபடி வாங்கிக்கொண்டாள்.

"கடைசி ஐந்நூறு ரெண்டு பதினெட்டு. திரையே இல்லாம இழுத்தது. ரெண்டாவதையும் மூணாவதையும் விட வேகமா போயிருக்க" என்றாள். பிறகு கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டாள். மேடாகப் போய்க்கொண்டிருந்த கோடு அங்கே திடீரென்று குழியில் விழுந்து எழுந்திருந்தது. "இது என்னடி? ஆயிரத்து அறுநூத்தி ஐம்பதுல?"

"அதுவா? அது நீதான்."

"நானா?"

"நீ வந்து கத்தின இடம்."

பெரியவள் அந்தக் குழியையே பார்த்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

"முன்னாடி எவ்வளவு?"

சின்னவளின் சிரிப்பு நின்றது. அக்கா கேட்பாள் என்று தெரியும். முன்னாடியும் இதே அளவுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை, அக்கா நிம்மதியாகப் பேருந்து ஏறுவாள். ஆனால் பொய் சொன்னால் இன்றைக்கு இழுத்ததுக்கும் வீட்டில் சொன்ன 'கூடுதல் வேலை'க்கும் என்ன வித்தியாசம்?

"ஒன்பது அஞ்சு."

பெரியவளுக்குக் கழிக்க நேரம் எடுக்கவில்லை. "பதினாறு செகண்ட்."

"ம்."

"என்னாலதானே."

"தெரியாதுக்கா. நாலு வயசு கூடியிருக்கு. மூணு வருஷமா நாற்காலியில உட்கார்ந்தே கிடக்கேன். அதனாலயும் இருக்கலாம், உன்னாலயும் இருக்கலாம். டாக்டரைக் கேட்டாக்கூட இத்தனை செகண்ட் இதுக்கு, இத்தனை அதுக்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நாலு செகண்ட் மட்டும் நீ கத்தினதுக்கு. அது எழுத்துல இருக்கு."

பெரியவளின் கண் நிறைந்தது. "உன்கிட்ட வாயைத் திறக்கவே எனக்குப் பயம்டி. எதையாவது சொன்னா, எடுத்துக்கிட்டதும் இல்லாம அதிகாரம் வேற பண்றாளேன்னு நீ நினைச்சிடுவியோன்னு. இந்தத் தடவையும் மெசேஜ் வந்ததும் போன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிக்கணும்னு இருந்துச்சு. முடியல. பஸ் ஏறி வந்துட்டேன்."

"கிழிச்சிருக்கலாமே."

"எப்படிடி?"

"வாயாலதான். நீ என்னைத் திட்டி மூணு வருஷம் ஆகுது. நான் செத்துக்கித்துப் போயிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நல்லா இருக்கிறவளைத்தானே திட்டுவாங்க? நான் குடுத்தேன், நீ வாங்கிக்கிட்ட. அது முடிஞ்சது. அதுக்காக நீ காலம் பூரா எனக்கு 'உன் இஷ்டம்' பாடணும்னு யார் சொன்னா?"

பெரியவள் மூக்கைச் சிந்தினாள். மாஸ்க்கைச் சரிசெய்தாள். தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு மெல்ல, ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த கதவு திறக்கிற மாதிரி, அந்தப் பழைய குரல் வந்தது.

"முதல் ஐந்நூறை எதுக்குடி அவ்வளவு வேகமா போன? அறிவிருக்கா? அதனாலதான் நடுவுல சொதப்பியிருக்க. அப்புறம், வீட்டுல பொய் சொல்லிட்டு வந்திருக்கியே, ஏதாவது ஆச்சுன்னா அந்த மனுஷன் யாரைக் கேட்பாரு? முதல்ல போன் போடு. இப்பவே போடு."

சின்னவள் போட்டாள். கணவர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் எத்தனையாவது இடம் என்று கேட்டார். பதினொன்று என்றதும், "பதினாலு பேர்ல மூணு பேரை முந்திட்டியா?" என்றார். அதில் கிண்டல் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளை முத்திரையின் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுல எதும்மா நல்லது, எது கெட்டது?"

"இரண்டாயிரம் மீட்டர் நிக்காம இழுத்திருக்கேன் சார். அவ்வளவுதான் அதுல இருக்கு. என்னைப் பழையபடி பெல்ட்டுல போடுங்க."

"முன்ன மாதிரியே முடியுமா?"

"முன்னைக்குப் பதினாறு செகண்ட் லேட். பெல்ட்டுக்கு அது போதும்னு நினைக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பழக்கத்தில் முத்திரையை எடுத்து அந்தத் தாளிலும் ஒரு குத்துக் குத்தினார். "காலையில ரெண்டு மணி நேரம். முடியலைன்னா வெட்கப்படாம சொல்லணும்" என்றார்.

புதன்கிழமை காலை பெல்ட்டில் நின்றாள். முதல் கால்மணி நேரம் கண் முகவரிக்குப் பழகவில்லை. இரண்டு பெட்டி தப்பான வண்டியில் விழுந்து, எதிரே நின்றவர் எடுத்து மாற்றிப் போட்டார். அப்புறம் கை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து போனைப் பார்த்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கட்டம் போட்ட தாளில் ஆறு வாரத்துக்கான பயிற்சி அட்டவணை. எந்தக் கிழமை எத்தனை மீட்டர், எத்தனை வேகம், எப்போது ஓய்வு என்று மூன்று நிற மையில் எழுதியிருந்தது. கீழே, இரண்டு கோடு போட்டு: 'முதல் ஐந்நூறை 2:20-க்கு முன்னால் முடித்தால் தோலை உரித்துவிடுவேன்.'

படித்துவிட்டு, "ஐயோ, வந்துட்டா" என்று சின்னவள் வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "யாரு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் புதன்கிழமைக்கு எத்தனை மீட்டர் போட்டிருக்கிறாள் என்று பார்க்க, படத்தை விரலால் பெரிதாக்கினாள்.